எதிரி டைம்யோக்கள் கைகோத்த கதை: காய், சகாமி, சுருகா கூட்டணியை உடைத்தது யார்?

#1 வரைபடப்பித்தன்

1467-ல் கியோட்டோவில் ஓனின் போர் வெடித்த பிறகு ஒரு நூறு வருடத்துக்கு ஜப்பானில் ஷோகுனின், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவரின், பேச்சு எடுபடவில்லை. மாகாணத்துக்கு ஒரு டைம்யோ (சிற்றரசன்), அவனுக்கு ஒரு படை, பக்கத்து மாகாணத்தின் மேல் ஒரு கண். அதுதான் செங்கோகு காலம். அந்தக் காலத்துக் கூட்டணிகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே "எல்லாரும் எல்லாரையும் ஏமாற்றினார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

1554-ல் முழுமையான மூவர் கூட்டணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபூஜி மலைக்கு வடக்கே காய், அங்கே டக்கேடா ஷிங்கென் (அப்போது ஹருனோபு என்று பெயர்). கிழக்கே சகாமி, ஹோஜோ உஜியாசு. தெற்கே சுருகா, இமகாவா யோஷிமோட்டோ. ஒருவரோடு ஒருவர் நன்றாகவே மோதியவர்கள். ஆனால் வரைபடத்தில் அவர்கள் பார்வை போகும் திசையைப் பாருங்கள். ஷிங்கெனுக்கு வடக்கே ஷினானோ வேண்டும். உஜியாசுவுக்குக் கிழக்கே கான்டோ சமவெளி வேண்டும். யோஷிமோட்டோவுக்கு மேற்கே மிகாவா, அதைத் தாண்டி ஓவாரி. மூன்று பேர் முதுகோடு முதுகு சேர்த்து நின்றுகொண்டு ஆளுக்கொரு பக்கம் வாளை நீட்டுகிற மாதிரி இருக்கிறது.

14 வருடம் தாங்கிய கூட்டணி இது. 1568 டிசம்பரில் ஷிங்கென் சுருகாவுக்குள் படையோடு இறங்கியதும் முடிந்துபோனது. என் கேள்வி இதுதான்: உடைத்தது ஷிங்கெனா, இல்லை ஏற்கெனவே உடைந்து கிடந்ததைத்தான் அவர் மிதித்துக்கொண்டு போனாரா?

#2 புதுவரவு

நல்ல இழை. இந்த மூன்று பேரும் ஒரு கோயிலில் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசி முடித்ததாகத்தான் நான் படித்திருக்கிறேன். அது உண்மையா?

#3 பனையோலை

சுருகாவில் இருந்த சென்தோக்குஜி கோயிலைச் சொல்கிறீர்கள். அழகான காட்சிதான். ஆனால் பிற்காலத்துப் போர்க்கதைகளில் வருவது அது. அந்தக் காலத்து ஆவணங்களில் அப்படி ஒரு சந்திப்பு இல்லை. மூன்று டைம்யோக்கள் தங்கள் கோட்டைகளை விட்டு ஒரே நேரத்தில் வெளியே வந்து ஓர் அறையில் உட்கார்வது நடக்கிற காரியமும் இல்லை.

நடந்தது இன்னும் சுவாரசியம். 1537-ல் யோஷிமோட்டோ ஷிங்கெனின் அக்காவைக் கட்டிக்கொண்டார். அதுவரை இமகாவாவோடு நட்பாக இருந்த ஹோஜோவுக்கு இது பொறுக்கவில்லை. கிழக்குச் சுருகாவில் புகுந்து நிலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எட்டு வருட இழுபறி. 1545-ல் யோஷிமோட்டோ அதைத் திருப்பி எடுக்கக் கிளம்பிய அதே சமயத்தில், கான்டோவில் உயெசுகி குடும்பத்தின் இரண்டு கிளைகளும் சேர்ந்து ஹோஜோவின் கவாகோயே கோட்டையைச் சுற்றி வளைத்தன. உஜியாசுவுக்கு இரண்டு பக்கமும் தீ. ஷிங்கென் நடுவில் நின்று சமாதானம் பேச, உஜியாசு கிழக்குச் சுருகாவை விட்டுக்கொடுத்தார். கையில் இருந்த நிலத்தைக் கொடுத்து மேற்கு எல்லையில் நிம்மதியை வாங்கினார் என்று சொல்ல வேண்டும். மறு வருடமே கவாகோயேயில் எதிரிகளை உடைத்துவிட்டார். கூட்டணியின் விதை அங்கேதான் விழுந்தது.

அப்புறம் 1550-ல் யோஷிமோட்டோவின் மனைவி, அதாவது ஷிங்கெனின் அக்கா, இறந்துபோனார். அவரோடு அந்த உறவும் அறுந்துவிடக் கூடாது என்று 1552-ல் யோஷிமோட்டோவின் மகளை ஷிங்கெனின் மூத்த மகன் யோஷினொபுவுக்குக் கொடுத்தார்கள். அத்தை மகள், மாமன் மகன். 1554-ல் உஜியாசுவின் மகள் ஹயகவா-தோனோ யோஷிமோட்டோவின் மகன் உஜிசானேவுக்கு. அதே வருடம் ஷிங்கெனின் மகள் ஓபாய்-இன் உஜியாசுவின் மகன் உஜிமாசாவுக்கு. முக்கோணம் முடிந்தது. இதையெல்லாம் ஓடியாடிப் பொருத்தியவர்களில் முக்கியமானவர் யோஷிமோட்டோவின் ஆலோசகரான ஜென் துறவி தாய்கென் செஸ்சாய். சம்பந்தம் பேசுகிற துறவி.

#4 நெய்தல்

பனையோலை ஐயா இரண்டு வரியில் மூன்று கல்யாணத்தை முடித்துவிட்டார். நான் கொஞ்சம் அங்கேயே நிற்கிறேன்.

ஓபாய்-இன் 1543-ல் பிறந்தவள். கல்யாணத்தின்போது பன்னிரண்டு வயதுகூட நிரம்பியிருக்காது. அவளை ஹோஜோவின் தலைமைக் கோட்டையான ஓடவாராவுக்கு அனுப்பியபோது 10,000 பேர் கூடப் போனதாக அக்காலக் குறிப்பேடு ஒன்று சொல்கிறது. 10,000 பேர் எதற்கு? பெண்ணுக்குச் சீர் கொண்டுபோக அவ்வளவு ஆள் தேவையில்லை. "இது எங்கள் பெண், இவளுக்குப் பின்னால் இவ்வளவு பேர் இருக்கிறோம்" என்று ஹோஜோவின் குடிகளும் படைகளும் கண்ணால் பார்க்க வேண்டும். கூட்டணிக்கு முத்திரை அந்தச் சிறுமிதான். கூட்டணி முறிந்தால் அவள் எதிரியின் வீட்டில் இருப்பாள் என்பது அனுப்பிய அப்பாவுக்குத் தெரியும், வாங்கிக்கொண்ட மாமனாருக்கும் தெரியும்.

#5 திண்ணை

நேராகவே சொல்கிறேன், ஷிங்கென் துரோகிதான். அவர் வரலாறு முழுக்க இதே கதை. 1541-ல் சொந்த அப்பா நொபுதொராவை நாட்டை விட்டு விரட்டினார், அந்த மனிதர் மருமகன் யோஷிமோட்டோவின் சுருகாவில் போய்த் தங்க வேண்டியதாயிற்று. மறு வருடம் 1542-ல் சுவா நாட்டின் மேல் படையெடுத்தார். சுவா யோரிஷிகே யார்? ஷிங்கெனின் சொந்தத் தங்கை புருஷன். சமாதானம் என்று காயின் தலைநகரான கோஃபுவுக்குக் கூட்டிவந்து வயிற்றைக் கிழித்துக்கொள்ள வைத்தார். பிறகு அந்த யோரிஷிகேயின் மகளையே தனக்கு வைத்துக்கொண்டார். அவளுக்குப் பிறந்த பிள்ளைதான் காட்சுயோரி. தங்கை கணவனையே விடாதவர் அக்கா வீட்டை விடுவாரா?

#6 ஊர்சுற்றி

திண்ணை அண்ணன் சொன்ன அந்த இடத்துக்கு நான் போயிருக்கிறேன். யமனாஷியில் (அன்றைய காய்தான்) மூன்று வருடம் வேலை. கோஃபு ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கிற ஊர் மாதிரி, எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. கோடையில் வெயில் பொறுக்க முடியாது. தெற்கே மலைவரிசைக்கு மேலே ஃபூஜியின் தலை மட்டும் தெரியும். அந்த மலைக்குப் பின்னால்தான் சுருகா, அதற்கப்புறம் கடல். கடல் எவ்வளவு பக்கம், ஆனால் அந்த ஊர்க்காரனுக்கு எவ்வளவு தூரம் என்பது அங்கே நின்றால்தான் உறைக்கிறது.

ஊரின் கிழக்கே தோக்கோஜி என்ற கோயில். யோரிஷிகே உயிரை விட்டது அங்கேதான். அவர் கல்லறையும் அங்கே இருக்கிறது. அதே கோயிலில் இன்னொருவர் கல்லறையும் இருக்கிறது: ஷிங்கெனின் மூத்த மகன் யோஷினொபு. இமகாவா வீட்டு மாப்பிள்ளை. அவரை அடைத்து வைத்திருந்ததும் அதே கோயிலில்தான். 25 வருட இடைவெளியில் ஒரு தங்கை கணவன், ஒரு மகன். இரண்டு பேரும் ஒரு கூட்டணிக்காகக் கட்டிவைக்கப்பட்டவர்கள். நான் போன அன்று வேறு யாரும் இல்லை. சாம்பல் நிறக் கல், பாசி, அவ்வளவுதான். வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

#7 வரைபடப்பித்தன்

ஊர்சுற்றி, யோஷினொபுவைப் பேச்சில் கொண்டுவந்ததற்கு நன்றி. என் கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

1560 மே மாதம் யோஷிமோட்டோ பெரும்படையோடு ஓவாரிக்குள் போய், ஓகேஹசாமாவில் ஓடா நொபுனாகாவின் சிறிய படையிடம் தலையைக் கொடுத்தார். முதுகோடு முதுகாக நின்ற மூவரில் ஒருவர் சாய்ந்துவிட்டார். மிகாவாவில் இமகாவாவுக்குக் கீழே இருந்த இளைஞன், பின்னாளில் டோக்குகாவா இயெயாசு என்று பெயர் பெற்றவன், கழன்றுகொண்டான். 1562-ல் நொபுனாகாவோடு சேர்ந்தான். மேற்கே அடைப்பாக இருந்த மிகாவா போனது. உஜிசானேவால் அதை மீட்க முடியவில்லை.

இப்போது ஷிங்கென் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். வடக்கே எச்சிகோவின் உயெசுகி கென்ஷினோடு கவனகஜிமாவில் ஐந்து முறை மோதியாயிற்று. 1561 மோதலில் தம்பி நொபுஷிகேவையே பறிகொடுத்தார். 1564-க்குப் பிறகு வடக்கே இனி நகர இடமில்லை. அப்போது தெற்கே, கடலோரத்தில், பலமில்லாத ஒரு பக்கத்து வீடு. 1565-ல் காட்சுயோரிக்கு நொபுனாகாவின் வளர்ப்பு மகளைக் கட்டிவைத்தார். யோஷிமோட்டோவைக் கொன்றவனோடு சம்பந்தம்! மூத்த மருமகள் அதே யோஷிமோட்டோவின் மகள், அதே வீட்டில் இருக்கிறாள். அந்த வருடமே யோஷினொபு அப்பாவுக்கு எதிராகச் சதி செய்தார் என்று பிடிபட்டார். அவரை வளர்த்து ஆளாக்கிய ஓபு தொரமாசா பழியை ஏற்றுச் செத்தார். 1567 அக்டோபரில் யோஷினொபுவும் இறந்தார். மருமகளைச் சுருகாவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பெண்ணைத் திருப்பி அனுப்பிய அன்றே கூட்டணி செத்துவிட்டது. 1568 படையெடுப்பு அதன் ஈமச்சடங்கு. துரோகம் இல்லை என்று சொல்லவில்லை, திண்ணை. துரோகம் நடந்த தேதி வேறு என்கிறேன்.

#8 புதுவரவு

உப்பை நிறுத்தினார்கள், கென்ஷின் எதிரியாக இருந்தும் உப்பு அனுப்பினார் என்று ஒரு கதை உண்டே, அது இந்த நேரத்தில்தானா?

#9 ஊர்சுற்றி

ஆமாம், 1567-ல். காய், ஷினானோ இரண்டுக்கும் கடல் கிடையாது, உப்பு சுருகா பக்கமிருந்துதான் மலையேறி வர வேண்டும். உஜிசானே அதை நிறுத்தினார், ஹோஜோவும் கூடச் சேர்ந்தார்கள். மலைநாட்டுக்காரனுக்கு உப்பு இல்லையென்றால் சோற்றுக்கு மட்டும் கஷ்டம் இல்லை. குளிர்காலத்துக்குக் காய்கறியை ஊறப்போட முடியாது, மீசோ என்ற சோயா விழுதுக்கு வழியில்லை. பனி விழுந்து பாதை அடைபட்டால் ஆறு மாதச் சாப்பாடு போச்சு.

ஜப்பானில் இன்றைக்கும் "தெக்கி நி ஷியோ ஓ ஒகுரு" என்று சொல்வார்கள். எதிரிக்கு உப்பு அனுப்புவது. கஷ்டத்தில் இருக்கும் எதிராளிக்குக் கைகொடுப்பதற்கு அந்தச் சொல். மட்சுமோட்டோ ஊரின் கடைத்தெருவில் ஒரு கல் உண்டு, உப்பு ஏற்றிவந்த மாட்டைக் கட்டிய கல் என்று காட்டுவார்கள். நடைபாதையோரம் இடுப்புயரம்கூட இல்லாத ஒரு கல், அதைச் சுற்றி ஒரு கயிறு.

#10 பனையோலை

கென்ஷின் உப்பை அன்பளிப்பாக அனுப்பினார் என்பதற்கு அந்தக் காலத்துச் சான்று இல்லை. அவர் செய்தது, தடையில் தானும் சேராமல் இருந்தது. எச்சிகோ வியாபாரிகள் வழக்கம்போல் உப்பை விற்றார்கள், இதோயிகவா பக்கமிருந்து மலைப்பாதையில் அது ஷினானோவுக்குப் போனது. பிற்காலம் அதை நற்குணக் கதையாக்கிவிட்டது. என்னைப் பொறுத்தவரை சேராமல் இருந்ததே பெரிய விஷயம். அவரையும் சேரச் சொல்லிக் கூப்பிட்டால் மறுப்பதற்கு அவருக்கு என்ன அவசியம்?

இன்னொன்று. கூட்டணி என்றால் கல்யாணம் மட்டும் இல்லை, சத்தியத் தாளும் உண்டு. கிஷோமோன் என்று பெயர். எனக்கு மிகவும் பிடித்த பொருள் இது, கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள். குமனோ கோயில்களில் ஒரு தாயத்துத் தாள் அச்சிட்டுத் தருவார்கள். அதில் உள்ள எழுத்துகள் காக்கைகளால் ஆனவை. கண்ணை இடுக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கோடும் அலகும் சிறகும் வாலுமாக ஒரு காக்கை. அந்தத் தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் ஒப்பந்தத்தை எழுதுவார்கள். முதலில் நிபந்தனைகள். பிறகு "இதில் பொய் இருந்தால் இந்தத் தெய்வங்களின் தண்டனை என்மேல் விழட்டும்" என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியல் யாரில் தொடங்குகிறது தெரியுமா? போன்தென், தாய்ஷாக்குதென். அதாவது பிரம்மா, இந்திரன். பௌத்தத்தோடு போய்ச் சேர்ந்த நம் ஊர்த் தேவர்கள். அடுத்து நான்கு திசைக் காவலர்கள், அதற்கப்புறம்தான் ஜப்பானின் சொந்தத் தெய்வங்கள். கடைசியில் பெயரெழுதி, விரலைக் கீறி, பெயரின் கீழ் ரத்தத்தை ஒற்றுவார்கள். சத்தியத்தை மீறினால் குமனோவில் காக்கைகள் செத்து விழும், மீறியவன் ரத்தம் கக்கிச் சாவான் என்று நம்பிக்கை.

#11 திண்ணை

இவ்வளவு பயத்தோடு ரத்தம் வைத்தவன் எப்படி ஐயா மறுவருடமே மீறுகிறான்?

#12 பனையோலை

"நான் மீறவில்லை, அவன்தான் முதலில் மீறினான்" என்பான். அதைச் சொல்லாமல் யாருமே மீறியதில்லை. ஷிங்கெனும் அதையேதான் சொன்னார்: உஜிசானே கென்ஷினோடு ரகசியமாகப் பேசினார், ஆகவே கூட்டணியை முறித்தது அவர்தான். அதில் பொய்யும் இல்லை. உஜிசானே அப்போது எச்சிகோவோடு பேசிக்கொண்டுதான் இருந்தார். ஷிங்கென் நொபுனாகாவோடு சம்பந்தம் வைத்துக்கொண்டதைப் பார்த்த பிறகு வேறென்ன செய்வார்? இந்தச் சாக்கு ஷிங்கெனுக்குத் தேவைப்பட்டது என்பதே, அந்தத் தாளுக்கு மதிப்பு இருந்தது என்பதற்கு எனக்குச் சாட்சி. மதிப்பே இல்லாத சத்தியத்துக்கு யாரும் சாக்குத் தேட மாட்டார்கள்.

#13 வரைபடப்பித்தன்

அப்படியே. இதற்கு நேர் எதிர் உதாரணம் நொபுனாகா, இயெயாசு கூட்டணி. 1562 முதல் 1582-ல் நொபுனாகா ஹொன்னோஜி கோயிலில் சாகும்வரை 20 வருடம் நின்றது. ஆரம்பத்தில் கல்யாணம்கூட இல்லை, நொபுனாகாவின் மகள் இயெயாசுவின் மகனுக்கு வந்தது 1567-ல்தான். அந்த மகன் நொபுயாசுவையும் தன் மனைவியையும் 1579-ல் இயெயாசு இழந்தார், கூட்டணி அப்போதும் விழவில்லை. காரணம் எளிது. ஒருவர் மேற்கே கியோட்டோவைப் பார்க்கிறார், மற்றவர் கிழக்கே பார்க்கிறார். ஒருவர் இரை மற்றவருக்கு இரை இல்லை. டக்கேடா என்ற பொது எதிரி வேறு. மூவர் கூட்டணியிலும் 1560 வரை அதேதான். யோஷிமோட்டோ விழுந்ததும் சுருகா கூட்டாளி என்பது போய் இரையாகிவிட்டது.

#14 நெய்தல்

திசை, இரை எல்லாம் சரி. ஆனால் ஒரு மனிதரின் கோபம் வரைபடத்தையே மாற்றியதை விட்டுவிடுகிறீர்கள்.

1568 டிசம்பரில் ஷிங்கென் சுருகாவில் இறங்கியபோது, ஏற்கெனவே பேசிவைத்தபடி மேற்கேயிருந்து இயெயாசுவும் இறங்கினார். உஜிசானேயின் ஆட்கள் பலர் ஷிங்கென் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். சுருகாவின் தலைநகரான சும்புவை விட்டு மேற்கே காகெகாவா கோட்டைக்கு ஓட்டம். ஹயகவா-தோனோவும் ஓடினாள். டைம்யோ வீட்டுப் பெண், வீட்டைவிட்டு நகர்ந்தால் பல்லக்கில்தான். அன்று பல்லக்கு கிடைக்கவில்லை. டிசம்பர் குளிரில் கால்நடையாகவே போனாள்.

அப்பா உஜியாசுவுக்குச் செய்தி போனது. அவர் அந்த நாட்களில் உயெசுகி பக்கத்துக்கு எழுதிய கடிதத்தில், தன் மகளுக்கு ஏறிப்போக ஒரு வாகனம்கூடக் கிடைக்காததையும், இந்த அவமானத்தைக் கழுவ முடியாது என்பதையும் சொல்கிறார். யாருக்கு எழுதுகிறார் பாருங்கள். கான்டோவுக்காகப் பல வருடமாகத் தன்னோடு சண்டை போடுகிற கென்ஷின் தரப்புக்கு! 1561-ல் ஓடவாரா கோட்டை வாசல்வரை படையோடு வந்தவர் அந்தக் கென்ஷின். அவரோடு 1569-ல் கூட்டணி. 1570-ல் தன் மகன் சபுரோவையே எச்சிகோவுக்கு அனுப்பினார். பிள்ளையில்லாத கென்ஷின் அவனைத் தத்தெடுத்து, தன் பழைய பெயரான ககெதொராவை அவனுக்கே கொடுத்து, தன் அக்கா மகளைக் கட்டிவைத்தார்.

கென்ஷினைச் சேர்த்துக்கொண்டால் ஷிங்கெனை வடக்கிலிருந்து இறுக்கலாம் என்ற கணக்கும் இருந்தது, மறுக்கவில்லை. கணக்குக்கு மகள் நடந்த கதையை எழுத வேண்டியதில்லை. அவர் எழுதினார்.

#15 திண்ணை

நெய்தல் அக்கா, இந்தக் கடித விஷயம் எனக்குத் தெரியாது. என் கருத்தில் ஒரு பாதியை மாற்றிக்கொள்கிறேன். ஷிங்கென் துரோகி என்பது என்னைப் பொறுத்தவரை அப்படியேதான். ஆனால் "சத்தியத்துக்கு மதிப்பே இல்லாத காலம்" என்று இனிச் சொல்ல மாட்டேன். மதிப்பு இருந்ததால்தான் உஜியாசுவுக்கு அவ்வளவு வலித்தது.

#16 வரைபடப்பித்தன்

அந்தப் புதுக் கூட்டணியும் நிலைக்கவில்லை. கென்ஷின் உதவிக்குப் படை அனுப்புவார் என்று ஹோஜோ காத்திருந்ததுதான் மிச்சம். 1569-ல் ஷிங்கென் ஓடவாராவுக்கே வந்து ஊரை எரித்துவிட்டுப் போனார். 1571-ல் உஜியாசு இறந்ததும் மகன் உஜிமாசா மறுபடி ஷிங்கெனோடு கைகோத்தார். ஓபாய்-இன் அதற்கு இரண்டு வருடம் முன்பே, பழைய ஜப்பானியக் கணக்கில் 27 வயதில், இறந்துபோயிருந்தாள்.

ககெதொரா எச்சிகோவிலேயே தங்கிவிட்டார். 1578-ல் கென்ஷின் வாரிசைச் சொல்லாமல் போய்ச் சேர, ககெதொராவுக்கும் கென்ஷினின் அக்கா மகன் ககெகாட்சுவுக்கும் போர். தம்பிக்கு உதவச் சொல்லி உஜிமாசா டக்கேடா காட்சுயோரியைக் கேட்டார். படையோடு போன காட்சுயோரி, ககெகாட்சு கொடுத்த பொன்னையும் நிலத்தையும் பெற்றுக்கொண்டு அவரோடு சமாதானமாகிவிட்டார், தன் தங்கையையும் அவருக்குக் கட்டிக்கொடுத்தார். 1579-ல் ககெதொரா சமெகாவோ கோட்டையில் மாண்டார். ஹோஜோ உடனே இயெயாசு, நொபுனாகா பக்கம் போய்விட்டார்கள். காட்சுயோரிக்கு மேற்கிலும் தெற்கிலும் கிழக்கிலும் எதிரி. 1582 மார்ச்சில் டக்கேடா வீடே முடிந்தது. அந்தப் பொன்னுக்கு அவர் கொடுத்த விலை அது. அவரோடு தானோ என்ற மலைக்கிராமத்தில் உயிர்விட்ட மனைவிக்கு அதே கணக்கில் 19 வயது. அவள் உஜிமாசாவின் தங்கை. பிறந்த வீடு எதிரியான பிறகும் அவள் திரும்பிப் போகவில்லை.

#17 புதுவரவு

நடந்து போனாளே ஹயகவா-தோனோ, அவள் என்ன ஆனாள்? அவளுக்கும் இப்படித்தான் முடிந்ததா?

#18 நெய்தல்

இல்லை. 1569 மே மாதம் காகெகாவாவை இயெயாசுவிடம் ஒப்படைத்துவிட்டுக் கணவனும் மனைவியும் அவள் பிறந்த வீட்டுக்கு, ஓடவாரா பக்கம் போனார்கள். சுருகா கைவிட்டுப் போயிற்று. உஜிமாசா ஷிங்கெனோடு சேர்ந்த பிறகு அங்கேயும் இருக்க முடியவில்லை. ஒரு காலத்தில் தங்கள் வீட்டுக்கு அடங்கி இருந்த இயெயாசுவின் நிழலில் போய்த் தங்கினார்கள். உஜிசானே கவிதை எழுதினார். பந்தாட்டமான கெமாரியில் பெரிய கெட்டிக்காரர், 1575-ல் கியோட்டோவில் தன் அப்பாவைக் கொன்ற நொபுனாகாவின் முன்னாலேயே ஆடிக் காட்டினார். அதற்காக அவரை எவ்வளவோ பேர் இகழ்ந்துவிட்டார்கள். எனக்கு அவரை இகழத் தோன்றவில்லை.

மூவர் கூட்டணியின் மூன்று கல்யாணங்களில் கடைசிவரை நின்றது இந்த ஒன்றுதான். 1590-ல் ஓடவாரா விழுந்து அண்ணன் உஜிமாசா வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்ததையும் அவள் உயிரோடு இருந்து கேட்டாள். 1613-ல் எடோவில் (இன்றைய டோக்கியோ) இறந்தாள். அடுத்த குளிர்காலத்துக்கு அடுத்த குளிர்காலத்தில் உஜிசானேவும் போய்விட்டார். ஒரே அளவில் இரண்டு ஓவியங்கள் இருக்கின்றன, ஒன்றில் அவர், ஒன்றில் அவள். அந்தக் காலத்து டைம்யோ ஒருவரையும் அவர் மனைவியையும் இப்படி ஜோடியாக வரைந்து வைத்திருப்பது அபூர்வம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.